பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு புகுமுகம்

கல்வியைப் படிக்கட்டுக்கு ஒப்பிடுவது நம் வழக்கம். ஆரம்பப்பள்ளி ஒரு படி. உயர்நிலைப்பள்ளி ஒரு படி. மேனிலைப்பள்ளி ஒரு படி. கல்லூரி அதற்கும் மேலானதொரு படி. படிகள் சீராக அமைந்திருப்பின் சிறுவனும் ஏறிவிடுவான். இடையில் ஒரு படி இல்லாமற் போயின் கால்வலுவுள்ள இளைஞனும் தடுமாறுவான். நம் தமிழகக் கல்வியில் அவ்வாறு இல்லாமற் போன படி ஒன்று உண்டு. அதனைப் பற்றி மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் படி மேனிலை முதலாம் ஆண்டு. அதாவது பதினொன்றாம் வகுப்பு. 'வகுப்பு இருக்கிறதே, இல்லாமற் போயிற்று என்பது எங்ஙனம்?' என்று வினவலாம். வகுப்பறை இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, வருகைப் பதிவேடும் இருக்கிறது. ஆயினும் அவ்வகுப்பில் நிகழவேண்டிய கல்வி பல பள்ளிகளில் நெடுங்காலமாக நிகழவில்லை. அதன் விளைவைச் சுமப்பவர்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள்.

கல்லூரி வாயிலில் நாம் காண்பது

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் பருவத்தில் தாம்பரம் சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளை நோக்கி இளைஞர் கூட்டம் வந்து சேர்கிறது. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கமிருந்து மின்தொடர் வண்டியில் வருவோர் ஒருபுறம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், மேடவாக்கம், சேலையூர் பகுதிகளிலிருந்து பேருந்தில் வருவோர் மறுபுறம். தந்தை சண்முகம் சாலையில் சிறுகடை வைத்திருப்பார்; அல்லது தோல் தொழிலில் கூலி வேலை செய்வார்; தாய் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரிவார். குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆள் இப்பிள்ளையாகவே இருப்பதும் உண்டு.

இவர்களது மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் நெஞ்சம் மகிழ்கிறது. 600க்கு 500ஐத் தாண்டியவர்கள் கலை அறிவியல் வகுப்புகளிலும் நிறைந்திருக்கின்றனர். ஆனால் வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களிலேயே வேறொரு காட்சி தெரிகிறது. ஒரு கவிதையைப் படித்துக் காட்டி, 'இதுபற்றி உமக்குத் தோன்றியதை ஒரு பக்கம் எழுதுக' என்றால் கைகள் நின்றுவிடுகின்றன. 'ஐயா, குறிப்புச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்' என்ற குரல் எழுகிறது. 'ஐயம் உண்டா?' என்று கேட்டால் அறை முழுதும் மௌனம். அந்த மௌனம் எல்லாம் விளங்கிவிட்டது என்பதற்கு அறிகுறியன்று. கேட்டுப் பழகாததன் அறிகுறி.

இது தமிழ்த்துறைக்கு மட்டும் உரிய குறையன்று. வணிகவியல் பேராசிரியர்கள் கூறுவதைக் கேளுங்கள்: கூட்டாண்மைக் கணக்கை மளமளவென்று போடும் மாணவன், குறிப்பேட்டிலிருந்து பேரேட்டிற்குக் கணக்கு எவ்வாறு செல்கிறது, இருப்பாய்வு ஏன் சரியாக வரவேண்டும் என்று கேட்டால் விழிக்கிறான். கணிதத் துறையினரும் இதையே வேறு சொற்களில் கூறுகின்றனர்: வகையிடுதலின் பயன்பாட்டுக் கணக்குகளைச் செய்பவன், வகையிடுதல் என்றால் என்ன என்பதற்கு அடிப்படையான 'எல்லை' என்னும் கருத்தை அறிந்திலன். இயற்பியலில் மின்னியலும் ஒளியியலும் படித்தவனுக்கு இயக்கவியல் புதிதாக இருக்கிறது. வேதியியலில் சமன்பாடுகளை ஒப்பிப்பவனுக்கு மோல் கணக்கு எட்டிக்காயாகக் கசக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம். கணிதத்தில் சார்பும் எல்லையும். இயற்பியலில் அளவீடும் இயக்கவியலும். வேதியியலில் மோல் கணக்கு. இவை யாவும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள். மாணவனிடம் இல்லாமற் போனது அறிவுத்திறன் அன்று, ஓராண்டு.

முதற் பருவத் தேர்வு முடிவு வருகிறது. பள்ளியில் ஒருமுறையும் தோல்வி காணாதவன் மூன்று தாள்களில் நிலுவை வைக்கிறான். இரண்டாம் பருவம் தொடங்கும்போது பின்வரிசையில் சில இருக்கைகள் வெறுமையாகிவிடுகின்றன. விசாரித்தால், ஒருவன் கைப்பேசிக் கடையில் அமர்ந்துவிட்டான். மற்றொருவன் வளைகுடா செல்லக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டான் என்பர். எந்த உழைப்பும் இழிவன்று. கடை நடத்துவதும் கடல் கடந்து பொருளீட்டுவதும் நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவை. நாம் வருந்துவது வேறொன்றுக்காக. அவ்விளைஞன் விருப்பத்தால் போகவில்லை. 'எனக்குப் படிப்பு வராது' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போகிறான். அத்தீர்ப்பு பிழையானது. அதனை அவன் வாழ்நாள் முழுதும் சுமக்கிறான்.

புகுமுக வகுப்பின் கதை

இந்நிலை ஏன் வந்தது என்பதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். இன்று ஐம்பது வயதைக் கடந்தோர்க்குப் 'பி.யூ.சி.' என்ற சொல் கேள்வியிலேனும் அறிமுகமாயிருக்கும். பதினொரு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்த மாணவன் நேரே பட்டப்படிப்பில் சேர்ந்துவிட முடியாது. கல்லூரியிலேயே ஓராண்டு பி.யூ.சி. படித்தல் வேண்டும். அதற்குத் தமிழில் நம் முன்னோர் வைத்த பெயர் 'புகுமுக வகுப்பு'. எத்துணைப் பொருத்தமான பெயர்! வீட்டிற்குள் நுழையுமுன் திண்ணையில் அமர்ந்து இளைப்பாறுவது போன்றது அவ்வாண்டு. பள்ளி மாணவன் கல்லூரிக்குரிய பழக்கங்களை அங்கே கற்றான். விரிவுரையைக் கேட்டுத் தானே குறிப்பெடுத்தான். நூலகத்திற்குச் சென்று நூல் தேடினான். ஆங்கில விரிவுரை விளங்காமல் முதல் மூன்று திங்கள் திணறினாலும், பட்ட வகுப்பு தொடங்குவதற்குள் தேறிக்கொண்டான்.

1964 முதல் 1966 வரை பணிசெய்த கோத்தாரி கல்விக்குழு, நாடு முழுவதற்கும் பத்தாண்டுப் பள்ளி, ஈராண்டு மேனிலை, மூவாண்டுப் பட்டம் என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழகம் 1978இல் இம்முறையை மேற்கொண்டது. முதல் மேனிலைப் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. புகுமுக வகுப்பு கல்லூரிகளை விட்டு விடைபெற்றது; அதன் பணி மேனிலைப் பள்ளியின் கைக்கு மாறியது. இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. கல்லூரி இல்லாத ஊர்களிலும் மேனிலைப் பள்ளிகள் தோன்றின. பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், தம் ஊரிலேயே மேலும் ஈராண்டு படிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். அதனைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ஆனால் மேனிலையின் ஈராண்டுகளில் முதலாண்டே பழைய புகுமுக வகுப்பின் வாரிசு என்பதை நாளடைவில் நாம் மறந்துவிட்டோம்.

பள்ளியும் கல்லூரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குத் தாம்பரமே சான்று. இங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1837இல் சென்னை நகரில் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய ஒரு பள்ளியாகவே பிறந்தது. வில்லியம் மில்லரின் காலத்தில், 1865இல், அது கல்லூரியாக வளர்ந்தது. 1937இல் கல்லூரி தாம்பரத்துக் காட்டிடையே தன் புதிய இல்லத்திற்கு வந்தது. பள்ளி நகரிலேயே தங்கிப் பின்னர் சேத்துப்பட்டில் நிலைபெற்றது. ஒன்றாக இருந்தவை இவ்வாறு பிரிவது காலத்தின் தேவை. ஆனால் இடத்தால் பிரிந்தவை உள்ளத்தாலும் பிரிந்துவிட்டதுதான் இன்று தமிழகம் முழுவதிலும் காணும் நிலை. பள்ளியாசிரியர் கல்லூரியை அறியார். கல்லூரி ஆசிரியர் பள்ளியை அறியார். நடுவில் நிற்கும் மாணவன் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

விழுங்கப்பட்ட ஆண்டு

மேனிலை இரண்டாம் ஆண்டின் இறுதியில் பொதுத்தேர்வு. முதலாண்டின் இறுதியில் பள்ளி அளவிலான தேர்வு மட்டும். இதுவே தொடக்க கால ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல்லூரிச் சேர்க்கை முழுதும் இரண்டாம் ஆண்டு மதிப்பெண்ணைச் சார்ந்தே நின்றதால், 'முதலாண்டில் நேரம் போக்குவானேன்?' என்ற எண்ணம் பள்ளிகளில் முளைத்தது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சில திங்களுக்குள்ளேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தத் தொடங்கும் வழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியது. ஈராண்டு காலம் ஒரே பாடநூல், ஒரே வினாக்கள், மீண்டும் மீண்டும் தேர்வுகள்.

தொழிற்கல்விக்கு 1984 முதல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அது தடையாயிருப்பதை எண்ணி, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது நீக்கப்பட்டது. நியாயமான முடிவே. எனினும் அதன் பின்னர் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே செல்லும் நாணயமாயிற்று. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்பதை முன்கூட்டியே காட்டும் 'புளூபிரிண்ட்' என்னும் வரைவுத் திட்டமும் சேர்ந்துகொண்டது. பாடத்தின் பின்னுள்ள வினாக்களை மனப்பாடம் செய்தால் போதும் என்ற நிலை வந்தது. பாடம் நூலாக இராமல் வினா விடைத் தொகுப்பாகச் சுருங்கிற்று.

இதனைத் திருத்த எடுத்த முயற்சிதான் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 2017இல் அறிவிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடைபெற்றது. முதலில் முதலாண்டுக்கு 600, இரண்டாம் ஆண்டுக்கு 600 என இரண்டும் சேர்ந்தே கணக்கிடப்படும் என்றனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு இரண்டாம் ஆண்டு மதிப்பெண் மட்டுமே போதும் என்று மாற்றினர். தேர்வு இருந்தது, ஆனால் அதற்கு மதிப்பு இல்லை. இடையில் 2021இல் கொரோனா காரணமாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடத்தப்படாதபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடும், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்கினர். எவரும் பொருட்படுத்தாத வகுப்பு அவ்வோர் ஆண்டில் மட்டும் எதிர்பாராமல் கைகொடுத்தது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுள்ளது. இம்முடிவை நாம் எவ்வாறு நோக்குவது? பத்து, பதினொன்று, பன்னிரண்டு என அடுத்தடுத்து மூன்றாண்டுகள் பொதுத்தேர்வின் நிழலில் வளர்வது பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை. அச்சுமை நீங்கியது நன்றே. ஆனால் தேர்வு போனதும் பாடமும் போய்விடுமானால், 2018க்கு முன்னிருந்த இருளுக்கே நாம் திரும்புவோம். அரசு ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அதன் வழியே வெளிச்சம் வருமா, கள்வன் வருவானா என்பது பள்ளிகளை நடத்துவோர் கையில் இருக்கிறது.

நன்னூல் காட்டும் நால்வகைக் கூறு

கற்றல் எங்ஙனம் நிறைவுறுகிறது என்பதைப் பவணந்தி முனிவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்துக் கூறியுள்ளார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்லும் முறையும் பாடம் கேட்கும் முறையும் தனித்தனியே பேசப்படுகின்றன. அவர் கூற்றின் கருத்து இது: ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் பயிலும் மாணவரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டுகிறது. எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது.

இக்கணக்கை இன்றைய வகுப்பறையோடு பொருத்திப் பாருங்கள். தேர்வுக்கென்றே நடக்கும் வகுப்பு, முதற் காற்பங்கோடு நின்றுவிடுகிறது. உடன் பயில்வோனோடு பேசினால் 'சத்தம் போடாதே' என்ற அதட்டல். எழுந்து நின்று பிறர்க்கு விளக்க நேரமில்லை. காற்பங்குக் கல்வியை நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணாக்கிக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறோம். எஞ்சிய முக்காற்பங்கிற்கு இடம் எங்கே? பொதுத்தேர்வு இல்லாத அந்த ஓராண்டில்தான்.

இம்மரபு நமக்கு அயலானதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அப்பெருமகனாரிடம் பாடம் கேட்டவரே. 'பாடம் கேட்டல்' என்ற தொடரிலேயே கேள்வி அடங்கியிருக்கிறது. கேட்டல் என்பது செவிமடுத்தலும் ஆகும், வினவுதலும் ஆகும். இன்றைய மாணவன் முன்னதைச் செய்கிறான், பின்னதை மறந்துவிட்டான்.

மதிப்பெண் வேண்டாமா?

'நீர் கூறுவதெல்லாம் கேட்க இனிது. ஆனால் மதிப்பெண் இல்லாவிட்டால் கல்லூரியில் இடம் தருவீரா?' என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தாலும் வேறு வழிகள் உண்டு. பல்லாவரத்துத் தோல் தொழிலாளியின் மகளுக்கு மதிப்பெண்தான் கையிருப்பு. அதனை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் பதினொன்றாம் வகுப்பை விழுங்கித்தான் அதனைப் பெறவேண்டும் என்பது மெய்யன்று. வேரில் ஊற்றும் நீர்தானே கிளைக்கும் செல்கிறது? பேரேட்டின் முறையறிந்தவனுக்குக் கூட்டாண்மைக் கணக்கு எளிது. எல்லையின் பொருளறிந்தவனுக்கு அதன் பயன்பாடு எளிது.

போட்டித் தேர்வு எழுதுவோர்க்கும் இது பொருந்தும். மருத்துவச் சேர்க்கைக்கான 'நீட்' தேர்வின் பாடத்திட்டம் மேனிலையின் ஈராண்டுகளையும் தழுவியது. அத்தேர்வின் நியாய அநியாயம் பற்றித் தமிழகத்தில் நடக்கும் விவாதம் வேறு. அதில் நாம் இங்குப் புகவில்லை. ஆனால் முதலாண்டுப் பாடத்தைத் தொடாமலே பள்ளியை முடித்த பிள்ளை அதனைக் கற்கத் தனிப் பயிற்சி மையத்திற்குப் பெரும்பணம் செலுத்த நேர்வது கண்கூடு. பள்ளிக் கட்டணத்துக்குள் கிடைக்கவேண்டிய கல்வியை மீண்டும் விலைகொடுத்து வாங்குகிறோம். விலை கொடுக்க இயலாதவன் விலகி நிற்கிறான்.

வாயில் திறந்தது, நடப்பதற்குக் கால் வேண்டும்

தமிழகத்தில் கல்லூரி வாயில் முன்னெப்போதையும்விட அகலமாகத் திறந்திருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டில் 28.4, தமிழகத்தில் 47. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை போற்றத்தக்கவை. எனினும் ஊக்கத்தொகை மாணவனை வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே நடப்பதற்கான கால்களைப் பள்ளிதான் தரவேண்டும்.

நம் சமுதாயத்திற்கு இஃது இன்னும் முக்கியமானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5 விழுக்காடுதான். எழுத்தறிவில் நாம் முந்தியே நின்றோம். ஆனால் நாடு தழுவிய நிலையை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள முஸ்லிம்களுள் பட்டமோ பட்டயமோ பெற்றவர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த சமுதாயம் பட்டம்வரை சென்று சேர்வதற்கு இடையில் எங்கோ வழி நழுவுகிறது. நழுவும் இடங்களுள் ஒன்று கல்லூரியின் முதலாண்டு என்பதை நம் வகுப்பறைகளின் வெறுமையான இருக்கைகள் காட்டுகின்றன.

அதனை மாற்றும் ஆற்றல் இப்பகுதியில் நமக்கு உண்டு. வண்டலூரில் 1984இல் கிரசென்ட் பொறியியற் கல்லூரி எழுந்தது. சோழிங்கநல்லூரில் 1991இல் முகமது சதக் கலை அறிவியல் கல்லூரி எழுந்தது. மேடவாக்கத்தில் காயிதே மில்லத் பெயர் தாங்கிய கல்லூரி நிற்கிறது. கல்லூரிகளைக் கட்டியெழுப்பிய கைகளுக்கு, அவற்றுக்கு வரும் பாதையைச் செப்பனிடுவது அரிய செயலன்று.

வாழ்க்கைக்கும் இதுவே முதலீடு

கல்லூரிக்காக மட்டும் நாம் இதனைக் கூறவில்லை. பட்டம் பெற்று வெளியேறும் இளைஞன் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள நிறுவனத்தில் நேர்காணலுக்குச் செல்கிறான். அங்கே பாடநூலின் பின்பக்க வினா வராது. 'இதனை எவ்வாறு செய்வீர்? ஏன்?' என்றே கேட்பர். வங்கியில் பணிபுரிபவள் புதிய விதி ஒன்று வந்தால் அதனைத் தானே படித்து விளங்கிக்கொள்ளவேண்டும். தந்தையின் கடையை ஏற்று நடத்துபவன் சரக்கு சேவை வரிப் படிவத்தைத் தானே நிரப்பத் தெரிந்திருந்தால் ஏமாற மாட்டான். தெரியாததைத் தெரியாது என்று கூறும் துணிவு, தெரிந்தவரிடம் கேட்கும் பணிவு, கேட்டதைத் தன் சொல்லில் எழுதும் திறன், நால்வரோடு சேர்ந்து ஒரு பணியை முடிக்கும் பக்குவம் ஆகிய இந்நான்கும் எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறா. ஆயினும் அலுவலகத்திலும் கடையிலும் இல்லத்திலும் நாள்தோறும் பயன்படுபவை இவையே. பதினாறு, பதினேழு வயதில் பழகாதவன் இருபத்தைந்தில் பழக நேர்ந்தால் கூச்சம் குறுக்கே நிற்கும்.

செய்யத்தக்கன

குறையை மட்டும் கூறி நிறுத்துவது ஆசிரியர்க்கு அழகன்று. நம் ஆற்றலுக்குட்பட்ட சிலவற்றைக் குறிப்பிட விழைகிறோம்.

முதலாவது, பள்ளி நிர்வாகிகளுக்கு. நம் சமுதாயத்தார் நடத்தும் மேனிலைப் பள்ளிகளேனும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவ்வகுப்பிலேயே முழுமையாக நடத்துவது என்று உறுதி பூணல் வேண்டும். அவ்வாண்டில் வாரம் ஒரு பாடவேளையை மாணவரே பாடம் நடத்துவதற்கு ஒதுக்குக. இருவர் அல்லது மூவர் சேர்ந்து ஒரு தலைப்பைப் படித்துவந்து மற்றவர்க்கு விளக்குக. மற்றவர் கேள்வி கேட்க. ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து திருத்துக. நூலகப் பாடவேளையைக் கணிதத் தேர்வுக்குக் கடன் கொடுக்காதீர். பள்ளி வாயிலில் தொங்கும் வெற்றிப் பதாகையில் மதிப்பெண்களோடு இன்னொரு கணக்கையும் எழுதுங்கள்: மூன்றாண்டுகளுக்கு முன் இப்பள்ளியை முடித்துக் கல்லூரிக்குச் சென்றவர்களுள் எத்தனை பேர் பட்டத்தோடு வெளிவந்தனர்? பள்ளியின் உண்மையான தேர்ச்சி விழுக்காடு அதுவே.

இரண்டாவது, கல்லூரியாகிய நமக்கு. 'பள்ளியில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை' என்று ஆசிரியர் அறையில் அங்கலாய்ப்பதால் பயனில்லை. தாம்பரம், பல்லாவரம் பகுதிப் பள்ளிகளின் மேனிலை ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் துறைதோறும் அழைத்து, முதலாண்டு மாணவரின் விடைத்தாள்களை அவர்கள் முன் வைத்துக் கலந்துரையாடுவோம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்குச் சில சனிக்கிழமைகளில் நம் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் திறந்துவிடுவோம். முதலாண்டின் முதல் மூன்று வாரங்களைப் பாடத்திட்டத்தின் அவசரத்திற்குக் கொடுக்காமல் பழைய புகுமுக வகுப்பாக்குவோம்: குறிப்பெடுத்தல், நூல் தேடல், தன் சொல்லில் எழுதுதல், எழுந்து பேசுதல். மூன்று வாரம் பெரிதன்று; மூன்றாண்டைக் காப்பாற்றினால் அதுவே பெரிது.

மூன்றாவது, ஜமாஅத்துப் பெரியோர்க்கும் கொடையாளர்க்கும். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர்க்குப் பரிசளித்து மகிழ்கிறீர்கள், அது தொடர்க. அதனோடு, முதற் பருவத்தில் நிலுவை வைத்துத் துவண்டு நிற்கும் மாணவனையும் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். அவனுக்குத் தேவை பணம் மட்டும் அன்று. 'உன்னால் முடியும்' என்று கூறும் ஒரு பெரியவர். பள்ளிவாசலை ஒட்டிய அறையொன்றில் மாலை நேரத்தில் கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவர் பதினொன்றாம் வகுப்பினர்க்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தால், இருசாராரும் பயன்பெறுவர். சொல்லிக்கொடுப்பவனுக்கே அரைப்பங்கு என்பதை மறவாதீர்.

இறுதியாக, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு. இம்மலரை விரித்திருக்கும் முதலாண்டு மாணவரே, உமக்கு ஓராண்டு கிடைக்காமற் போயிருக்கலாம். அது உமது குற்றமன்று. பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் உம் வீட்டுப் பரணில் இருக்கும். இல்லையேல் தம்பி தங்கையரிடம் இருக்கும். அதனை எடுத்து வாருங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் படித்தால் சில திங்களில் விடுபட்ட படி கட்டப்பட்டுவிடும். விளங்காத இடத்தில் அருகிலிருப்பவனைக் கேளுங்கள். அவனுக்கும் விளங்கவில்லையெனில் இருவரும் சேர்ந்து எங்களிடம் வாருங்கள். ஆசிரியர் அறையின் கதவு அதற்காகவே திறந்திருக்கிறது.

ஒரு நிலுவைத் தாள் உம் அறிவின் அளவன்று. படிக்கத் தவறிய ஒரு பாடத்தின் பெயர் மட்டுமே. அப்பாடத்தைப் படித்துவிட்டால் அப்பெயர் அழிந்துவிடும். 'எனக்குப் படிப்பு வராது' என்னும் தீர்ப்பை எழுத உமக்கும் உரிமையில்லை, எமக்கும் உரிமையில்லை. பள்ளியும் கல்லூரியும் சமுதாயமும் கைகோத்து அந்தப் புகுமுகத்தை மீண்டும் எழுப்புவோமாயின், வரும் ஆண்டுகளில் நம் வகுப்பறைப் பின்வரிசை இருக்கைகள் மூன்றாம் ஆண்டின் இறுதிவரை நிறைந்திருக்கும். அந்நாள் விரைவில் வர இறையருள் துணைநிற்பதாக!